பக்கவாத்தியமாக ஒரு நடிப்பு: டெல்லி கணேஷின் சிறுவேடங்களும் புதுக்கோட்டை அளவுகோலும்

1944-இல் வெளிவந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடகரும் பி. யு. சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. புதுக்கோட்டைக்காரரான சின்னப்பா ‘உத்தமபுத்திர’னில் (1940) இரட்டை வேடமும், ‘மங்கையர்க்கரசி’யில் (1949) மூன்று வேடங்களும் ஏற்றவர். ஒருவரே பலராவதுதான் நடிப்பின் உச்சம் என்ற நம்பிக்கை தமிழ்த் திரையில் அவரோடு வேரூன்றிவிட்டது. சிறுவேட நடிகர்களையும் இந்த நம்பிக்கையைக் கொண்டே எடைபோடுகிறோம். ‘எதைக் கொடுத்தாலும் செய்துவிடுவார்’ என்று பாராட்டி அத்தோடு விட்டுவிடுகிறோம். அந்த எடைக்கல் அவர்களுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொருந்தக்கூடிய அளவுகோலும் புதுக்கோட்டையிலேயே கிடைக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் மான்பூண்டியா பிள்ளை. அவரும் அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் (1875–1936) வளர்த்த லய மரபு அவ்வூரின் சொத்து. கணக்கு நுட்பத்துக்குப் பேர்போன மரபு அது. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் தனி ஆவர்த்தனத்தில் மட்டுமே வெளிப்படுவதில்லை. பாட்டு நடக்கும்போது எந்த இடத்தில் கையை அடக்குவது, எந்த அட்சரத்தில் பாடகருக்குத் தோள் கொடுப்பது என்பதும் கணக்குத்தான். பாட்டு சிறந்தது என்று ரசிகர் சொல்லும்போது அதில் மிருதங்கத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. சிறுவேட நடிப்பும் இப்படிப் பிரித்தெடுக்க முடியாத பங்குதான்.

டெல்லி கணேஷ் (1944–2024) இதற்குத் தக்க சான்று. நெல்லைச் சீமையின் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் பத்தாண்டுகள் விமானப் படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவிலும், பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவிலும் நடித்தவர். கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ (1977) அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அவருடைய படங்கள் நானூறைத் தாண்டும். சின்னப்பா பயின்ற மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி போன்ற இடங்களில் பாட்டும் சண்டையும் கற்று ராஜபார்ட்டாக உயர்வதே சிறுவர்களின் கனவு. சபா நாடகமோ எதிரே நிற்பவரின் வசனத்தைக் காதில் வாங்கப் பழக்கியது. கணேஷின் கலையை இந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும்.

‘சிந்து பைரவி’யில் (1985) அவர் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டு வரும் அவரைப் பாடகர் ஜே.கே.பி. மேடையில் அமர்த்த மறுக்கிறார். அந்தக் கண்டிப்பை நம்ப வைப்பது ஜே.கே.பி.யாக நடித்த சிவகுமாரின் குரல் மட்டுமன்று. கணேஷின் முகத்தில் தெரியும் கூனிக்குறுகலும்தான். பின்னர் அதே ஜே.கே.பி. குடியில் விழும்போது வீழ்ச்சியின் ஆழத்தை நாம் குருமூர்த்தியை வைத்துத்தான் அளக்கிறோம். கதாநாயகனின் கதைக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்தவர் அவர். இந்தப் பங்கை வசனங்களின் எண்ணிக்கையோ திரையில் தோன்றும் நிமிடங்களோ காட்டமாட்டா.

‘மைக்கேல் மதன காமராஜ’னில் (1990) கமல்ஹாசன் நால்வராகிறார், சின்னப்பாவின் மரபு அங்கே தொடர்கிறது. அந்த நால்வரில் ஒருவனான காமேஸ்வரனை வளர்த்த சமையற்காரர் பாலக்காட்டு மணி ஐயராக வருபவர் கணேஷ். மிருதங்க மேதை ஒருவரின் பெயரே அந்தப் பாத்திரத்துக்கு அமைந்தது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட காட்சியில் சிரிப்பு கமலின் பதற்றத்தில் பிறக்கிறது. அதை நிலைக்க வைப்பது மணி ஐயரின் பாலக்காட்டு இழுவையும் நேரம் தவறாத பதில்களும்.

நானூறு என்ற எண்ணை நான் சாதனையாக முன்வைக்கவில்லை. சில நாள் வேலைக்கு அழைக்கப்படும் நடிகர் பல படங்களில் இருந்தாக வேண்டும். பிழைப்பின் கட்டாயம் அது. பிராமணக் குடும்பத் தலைவர் வேடங்கள் அவரிடம் திரும்பத் திரும்ப வந்ததும் உண்மை. ஆனால் துரையின் ‘பசி’யை (1979) மறந்துவிட்டு இந்தக் குறையைப் பேசுவது அநீதி. ஷோபாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த அப்படத்தில் அவளுடைய தந்தையான ரிக்‌ஷாக்காரராக, சென்னைக் குடிசைப் பேச்சோடு வாழ்ந்தவர் கணேஷ். தமிழக அரசின் சிறப்புப் பரிசும் அதற்குக் கிடைத்தது. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) அவரை வில்லன்கள் நால்வரில் ஒருவராக்கியது. வேடங்களின் வகை குறுகியபோது அதற்குக் காரணம் அவரை அழைத்தவர்களின் கற்பனைக் குறைவு.

‘அவ்வை சண்முகி’யில் (1996) புதுக்கோட்டையில் பிறந்த இன்னொருவர் அவருக்கு எதிரே நிற்கிறார். ‘மிஸ் மாலினி’யின் (1947) சின்ன வேடத்தில் தொடங்கி, கதாநாயகனாகக் கோலோச்சி, முதுமையில் குணச்சித்திரத்துக்குத் திரும்பிய ஜெமினி கணேசன் அங்கே விசுவநாத ஐயர், டெல்லி கணேஷ் அவரிடம் வேலை பார்க்கும் சேதுராம ஐயர். நட்சத்திரமாக இருந்தவர் தன் இருப்பாலேயே காட்சியைத் தன் பக்கம் இழுக்கிறார். மற்றவர் அதற்கு இடம்விட்டு, இடம்விட்டதிலேயே தன் பாத்திரத்தின் பணிவையும் தந்திரத்தையும் காட்டிவிடுகிறார்.

நம் திரைப்பட அட்டவணைகள் படப் பெயர், ஆண்டு, வேடத்தின் பெயர் என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன. எத்தனை காட்சிகள், யாருக்கு எதிரே, எந்த வட்டார வழக்கில் என்ற மூன்றும் அவற்றில் சேர வேண்டும். டெல்லி கணேஷிலிருந்தே இந்த வேலையைத் தொடங்கலாம். இங்கே குறிப்பிட்ட அவருடைய படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.