நனைப்பான்கள்: பட்டு, பருத்தி, தோல் தொழில்களில் தெரிவும் பயன்பாடும்

நனைப்பான் என்பது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, நூல், துணி, தோல் ஆகியவற்றின் உள்ளே நீர் விரைவாகவும் சீராகவும் இறங்கச் செய்யும் வேதிப்பொருள். சாயப்பட்டறைகளிலும் தோல் தொழிற்சாலைகளிலும் இதை வெட்டிங் ஏஜென்ட் என்பார்கள். பட்டு நூலின் பசை நீக்கம், பருத்தி வெளுப்பு, சாயமிடல், உப்பிட்ட தோலை ஊறவைத்தல் என ஏறக்குறைய எல்லா ஈரப் பணிகளிலும் இது பயன்படுகிறது. வட தமிழகத்தில் இந்தத் தேவை இரு பெரிய தொழில்களைச் சார்ந்தது. ஒன்று ஆரணி, தேவிகாபுரம் வட்டாரப் பட்டு நெசவு. மற்றொன்று ஆரணிக்கு வடக்கே இராணிப்பேட்டையிலும் மேற்கே ஆம்பூர், வாணியம்பாடியிலும் நடக்கும் தோல் பதனிடல். ஆரணிப் பட்டும், ‘இ.ஐ. தோல்’ எனப்படும் தாவரப் பட்டைத் தோலும் புவிசார் குறியீடு பெற்றவை.

செயல்படும் முறை

20 பாகை செல்சியஸில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72.8 மில்லிநியூட்டன். இவ்வளவு இழுவிசையுள்ள நீர், மெழுகோ எண்ணெயோ படிந்த இழைமீது பரவாமல் துளியாகத் திரண்டு நிற்கும். இழைகளுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்றையும் அதனால் வெளியேற்ற முடியாது. நல்ல நனைப்பான் இந்த இழுவிசையை 30 மில்லிநியூட்டன் அளவுக்கு இறக்கிவிடும்.

நனைப்பான் மூலக்கூற்றின் ஒரு பகுதி நீரை நாடும், மறுபகுதி நீரை விலக்கி எண்ணெயையும் மெழுகையும் நாடும். இந்த அமைப்பு சோப்புக்கும் உண்டு. ஆனால் நீண்ட நேரான சங்கிலியின் ஒரு நுனியில் நீர் நாடும் பகுதி அமைந்திருந்தால் அந்தப் பொருள் அழுக்கு நீக்குவதில் சிறக்கும். சங்கிலி குட்டையாகவோ கிளைத்ததாகவோ இருந்து, நீர் நாடும் பகுதி நடுவில் இருந்தால் நனைப்பதில் சிறக்கும். அழுக்கை நன்றாக எடுக்கும் சரக்கு நன்றாக நனைக்கும் என்று கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால் மூலக்கூறுகள் நீருக்குள்ளேயே கொத்துகளாகச் சேர்ந்துகொள்ளும். சோடியம் லாரில் சல்பேட்டுக்கு அந்தச் செறிவு லிட்டருக்குச் சுமார் 2.4 கிராம். அதற்கு மேல் சேர்ப்பதால் பரப்பு இழுவிசை குறைவதில்லை, நுரையும் செலவும்தான் கூடும்.

வகைகள்

எதிரயனி வகை: விலை குறைவு, நனைக்கும் வேகம் அதிகம். 1870களில் வந்த டர்க்கி ரெட் ஆயில், ஆமணக்கெண்ணெயைக் கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்து எடுக்கப்படுவது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் சோப்புக்கான கொழுப்பு கிடைக்காதபோது நாஃப்தலீனிலிருந்து செய்த நெக்கால் வந்தது. பின்னர் வந்த டைஆக்டைல் சோடியம் சல்ஃபோசக்சினேட் மிக வேகமாக நனைக்கும். எஸ்டர் என்பதால் கடுங்காரத்திலும் கடும் அமிலத்திலும் சிதைந்துவிடும்.

அயனியற்ற வகை: கொழுப்பு ஆல்கஹாலுடன் எத்திலீன் ஆக்சைடு சேர்த்துச் செய்யப்படுவது. கடின நீரால் பாதிக்கப்படாது, பிற வகைகளுடன் ஒத்துப்போகும். குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் கரைசல் கலங்கி இது பிரிந்துவிடும். அந்த வெப்பநிலையை மேகப்புள்ளி என்பர்.

நேரயனி வகை: நனைக்க அரிதாகவே பயன்படும், மென்மையூட்டலுக்கே ஏற்றது. எதிரயனி வகையுடன் ஒரே தொட்டியில் சேர்ந்தால் பிசுபிசுத்த படிவாகி நூலில் ஒட்டும்.

சிலிகோன் வகை: இழுவிசையை 20–22 மில்லிநியூட்டன் வரை இறக்கும். நடுநிலையை விட்டு விலகிய அமிலத்திலோ காரத்திலோ சிதையும்.

தெரிவின் அடிப்படைகள்

முதலில் பார்க்க வேண்டியது தொட்டியின் அமில-கார நிலை. சோடா உப்பில் நன்றாக வேலை செய்யும் சரக்கு காஸ்டிக் கரைசலில் பயனற்றுப் போகலாம். அடுத்தது வெப்பம். மேகப்புள்ளி 65 பாகையாக உள்ள நனைப்பானை 90 பாகைத் தொட்டியில் இட்டால் அது எண்ணெய்த் துளிகளாகப் பிரிந்து சாயத்தில் புள்ளி விழச் செய்யும். சாயத்துடன் சேர்க்கும் கிளாபர் உப்பு மேகப்புள்ளியை மேலும் கீழே இறக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது மின்னூட்டம். சாயம், இழை, நனைப்பான் ஆகிய மூன்றின் மின்னூட்டமும் ஒத்துவர வேண்டும். நான்காவது நுரை. தொட்டியில் கையால் சிட்டம் (நூல் சுருள்) திருப்பும் பட்டறைக்கு நுரை பெரிய தடையல்ல. பம்பு வைத்துச் சாய நீரைச் சுழற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் நுரை பம்பின் ஓட்டத்தைக் குலைத்துத் துணியைச் சிக்கவைக்கும். ஐந்தாவது, அலசினால் போகும் தன்மை. தங்கிவிடும் நனைப்பான் பின்னர் நீர்விலக்கு மெருகைக் கெடுக்கும், ஷூ தோலின் மேற்பூச்சு ஒட்டாமல் செய்யும்.

பட்டு

கச்சாப் பட்டில் 20 முதல் 30 விழுக்காடு வரை செரிசின் என்னும் பசை உண்டு. சோப்பும் சோடா உப்பும் கலந்த கொதிநிலைக்குச் சற்றுக் கீழான நீரில் நூலைக் காய்ச்சினால் பசை கரைந்து, பளபளப்பான ஃபைப்ராயின் இழை மிஞ்சும். சோப்பே இங்கு நனைப்பானாகவும் அழுக்கு நீக்கியாகவும் வேலை செய்கிறது. முறுக்கேற்றும் முன் நூலுக்குப் பூசிய எண்ணெயும் இதே தொட்டியில் வெளியேற வேண்டும்.

இடர் வருவது கிணற்று நீரால். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் சோப்பு கரையாத கசடாக மாறி நூல்மீது படியும். அந்த இடம் சாயத்தை ஏற்காது. மென்னீர் பயன்படுத்துவது முதல் தீர்வு. அது இயலாதபோது உலோக அயனிகளைக் கட்டும் உப்பையும் அயனியற்ற நனைப்பானையும் சேர்ப்பார்கள். கார அளவை அதிகமாக்கி ஈடுகட்ட முயல்வது தவறு, அது இழையின் வலுவையும் பளபளப்பையும் குறைக்கும். தமிழக வீடுகளில் பட்டு துவைக்கப் பயன்பட்ட பூந்திக்கொட்டையில் நுரை தருவது சப்போனின். அது சோப்பு அல்ல என்பதால் கடின நீரிலும் கசடாவதில்லை.

ஆரணிச் சேலைக்கு நூலையே சாயமிட்டுப் பின்னர் நெய்கிறார்கள். பாவிலும் ஊடையிலும் நிறம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் நெய்த பிறகு சரிசெய்ய வழியில்லை. அமிலச் சாயத் தொட்டியின் அமில-கார எண் 4 முதல் 5 வரை இருக்கும். பசை நீக்கத்தில் மிஞ்சிய சோப்பு இந்த அமிலத்தில் கொழுப்பு அமிலமாகத் திரிந்து நூலில் பிசுக்காய் ஒட்டும். எனவே காய்ச்சிய சிட்டத்தை வெந்நீரில் நன்றாக அலசி, அமிலத்தைத் தாங்கும் நனைப்பான் லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பின்பே சாயத்தில் இறக்க வேண்டும். குறை முதலில் தெரியும் இடம் சிட்டத்தின் கட்டு. கட்டுக்கயிற்றை அவிழ்க்கும்போது அதன் அடியில் வெள்ளைத் திட்டு இருந்தால் நீரும் சாயமும் உள்ளே போகவில்லை என்று பொருள். கட்டைத் தளர்த்திப் போடுவது நனைப்பானைக் கூட்டுவதைவிடச் சிறந்த தீர்வு.

பருத்தி

பருத்தி இழைமேல் இயற்கை மெழுகு இருப்பதால் கச்சாத் துணி நீரில் மிதக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுப்பு காரத்திலும் 95 பாகை வெப்பத்திலும் நடப்பதால் இரண்டையும் தாங்கும் நனைப்பான் தேவை. பளபளப்பேற்றும் மெர்சரைசிங் செய்ய 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட காஸ்டிக் கரைசல் பயன்படும். அதில் பெரும்பாலான நனைப்பான்கள் கரையவே மாட்டா. 2-எத்தில்ஹெக்சில் சல்பேட் போன்ற குட்டைச் சங்கிலிப் பொருள்களே அங்கு வேலை செய்யும்.

தோல்

உப்பிட்ட தோல் நீரிழந்து விறைத்திருக்கும். புதிதாக உரித்த தோலின் ஈரத்துக்கு, அதாவது எடையில் 60–65 விழுக்காட்டுக்கு, அதை மீட்பதே ஊறவைத்தலின் நோக்கம். நனைப்பான் சேர்த்தால் நேரம் குறையும், அழுகும் வாய்ப்பும் குறையும். ஆனால் அது கிருமிநாசினி அல்ல, பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கொழுப்பு மிகுந்த செம்மறித் தோலுக்குக் கொழுப்பைக் குழம்பாக்கும் அயனியற்ற வகை ஏற்றது.

உலர்ந்த கிரஸ்ட் தோலைச் சாயமிடுவதற்காக மீண்டும் நனைக்கும்போது பதனிட்ட முறையைப் பார்க்க வேண்டும். குரோம் பதனிட்ட தோல் நேர்மின் தன்மையுடையது. எதிரயனி நனைப்பான் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொண்டு சாயத்தின் இடத்தை அடைக்கும். அங்கு அயனியற்ற வகையே பாதுகாப்பானது. ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயால் முடித்த இ.ஐ. தோல் எதிர்மின் தன்மையுடையது. அதற்கு அயனியற்றதும் எதிரயனியும் பொருந்தும், நேரயனி கறையை உண்டாக்கும்.

சோதனையும் விலைக் கணக்கும்

டிரேவ்ஸ் சோதனையில் 5 கிராம் பருத்திச் சிட்டத்தைக் கொக்கியும் எடையும் கட்டிக் கரைசலில் இட்டு, அது மூழ்கத் தொடங்கும் நேரத்தை அளப்பார்கள். நேரம் குறையக் குறைய நனைப்பான் சிறந்தது. சிறு பட்டறையில் இதையே தன் கிணற்று நீர், தன் நூல், தன் தொட்டி வெப்பம் கொண்டு செய்யலாம். வெளுத்த துணியில் ஒரு துளி நீர் விட்டு அது உறிஞ்சப்படும் நேரத்தைப் பார்ப்பது இன்னும் எளிது.

விலையைக் கிலோ கணக்கில் ஒப்பிடுவது ஏமாற்றும். 30 விழுக்காடு செயற்பொருள் கொண்ட சரக்கு கிலோ 100 ரூபாய், 60 விழுக்காடு கொண்டது 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ செயற்பொருளுக்கு முதலாவது 333 ரூபாயும் இரண்டாவது 300 ரூபாயும் ஆகின்றன. விலை குறைந்ததாகத் தோன்றியதே உண்மையில் அதிக விலை.

சுற்றுச்சூழல்

மலிவான அயனியற்ற நனைப்பான்களில் பல நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டைக் கொண்டவை. கழிவுநீரில் இது சிதைந்து மீன்களுக்கு நஞ்சாகவும் உயிரினங்களின் இயக்குநீர்ச் செயல்பாட்டைக் குலைப்பதாகவும் உள்ள நோனைல்ஃபீனாலைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இயற்றிய விதி, 2005 ஜனவரி முதல் துணி, தோல் பணிகளில் 0.1 விழுக்காடும் அதற்கு மேலும் இது கொண்ட சரக்குகளைப் பெரும்பாலும் தடைசெய்தது. 2021 பிப்ரவரி முதல் துவைக்கக்கூடிய துணிகளில் 0.01 விழுக்காடு என்ற எல்லையும் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்குக்கு இது வாங்குவோரின் கட்டாயம்.

உள்நாட்டுக் காரணம் இன்னும் நெருக்கமானது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதைத் தொடர்ந்து, 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆரணி வழியே ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பட்டின் சாய நீருக்கும் தோலின் ஊறல் நீருக்கும் வடிகால் ஒன்றே. எனவே வாங்கும் முன் விற்பவரிடம் நான்கைக் கேட்க வேண்டும்: செயற்பொருள் எவ்வளவு, எந்த அமில-கார நிலை வரை தாங்கும், மேகப்புள்ளி என்ன, நோனைல்ஃபீனால் சேர்ந்ததா. நான்குக்கும் எழுத்தில் பதில் தராத சரக்கை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காமல் விடுவதே நல்லது.