கல்லில் ஒரு பேக்கப்: வாகூர் முதல் திருமழபாடி வரை

டேலி படிக்கும் காமர்ஸ் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. "பேக்கப் எடு, அப்புறம் கை வை." கணக்கு அழிந்தால் கம்பெனியே அழிந்த மாதிரிதான். பெரிய டேட்டாபேஸ்களிலும் இதே கதைதான். ஆனால் இந்தப் பாடம் கணினியோடு பிறந்தது அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் பேக்கப் எடுத்தார்கள், ரெஸ்டோரும் செய்தார்கள். அதுவும் முறைப்படி!

முதலில் மெட்டாடேட்டா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். "5000" என்று ஒரு எண் இருக்கிறது. அது ரூபாயா, மூட்டையா, யார் யாருக்குக் கொடுத்தது, எந்தத் தேதியில்? இதெல்லாம் தெரியாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. தகவலைப் பற்றிய இந்தத் தகவல்தான் மெட்டாடேட்டா. டேட்டாபேஸில் அட்டவணையின் பெயர், பத்திகளின் பெயர், உரிமையாளர் யார், எது எதோடு இணைகிறது என்பதெல்லாம் இதில் அடங்கும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் பேக்கப்பிலிருந்து மீட்க 'பிஜி ரெஸ்டோர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதோடு சில விருப்பத் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுக்கலாம். 'ஸ்கீமா ஒன்லி' என்றால் அமைப்பு மட்டும் மீளும், உள்ளே இருக்கும் விவரங்கள் வராது. 'டேட்டா ஒன்லி' இதற்கு நேர் எதிர். 'கிளீன்' என்றால் இருப்பதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். 'நோ ஓனர்' என்றால் பழைய உரிமையாளர் பெயரை விட்டுவிடும். 'லிஸ்ட்' என்றால் எதையும் மீட்காமல் பேக்கப்பில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் போவோம்.

வாகூர்ச் செப்பேடு

புதுச்சேரியின் வாகூர் கொம்யூன் இன்று நெல்வயலும் பெரிய ஏரியும் உள்ள பகுதி. 9ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விச் சாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் அந்தக் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பவை அவை. இந்த விவரம் ஐந்து செப்பேடுகளில் வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு காமர்ஸ் மாணவன் இதைப் படித்தால் உடனே புரிந்துகொள்வான். இது வெறும் புகழ்மாலை இல்லை, பக்காவான ஆவணம்! கொடுத்தவர், பெற்றவர், மன்னனின் ஆட்சியாண்டு, எந்த நாட்டில் எந்தக் கூறு, எல்லைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நிலத்தின் எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்டார்கள் என்று அக்காலச் செப்பேடுகள் சொல்கின்றன. நிலம் என்பது டேட்டா. எல்லையும் ஆண்டும் பெயரும் மெட்டாடேட்டா. பின்னது தொலைந்தால் முன்னது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

பக்கத்தில் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் திருபுவனை இருக்கிறது. அங்கே ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு (1048) இன்னொரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், அவர்களைத் தாங்க 72 வேலி நிலம். அந்தக் கல் மட்டும் இல்லையென்றால் இப்படி ஒரு கல்லூரி இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

இடிப்பதற்கு முன் எழுது

கல்லில் வெட்டியது கல் இருக்கும் வரைதான். கோயிலைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தால் எழுத்தும் போய்விடும். இதற்கு என்ன செய்தார்கள்?

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் திருமழபாடி இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலின் கருவறைப் பகுதியை இடித்துக் கட்ட முதலாம் ராஜராஜனின் 28ஆம் ஆட்சியாண்டில் (1013 வாக்கில்) ஆணை பிறந்தது. கூடவே இன்னொரு ஆணை: சுவரில் உள்ள கல்வெட்டுகளை எல்லாம் முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்! அதன் பிறகுதான் இடிப்பு. கோயில் கட்டி முடிந்து, அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (1026) அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். ஏறக்குறைய 13 வருடம் ஒரு கோயிலின் உரிமைகள் அனைத்தும் அந்தப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. இதைத்தான் இன்று 'கிளீன்' என்ற ஒரு சொல்லால் கணினிக்குச் சொல்கிறோம். ஒரே வித்தியாசம், கணினி சில நொடிகளில் முடித்துவிடும்.

அதற்கும் முன்னால் கும்பகோணம் பக்கத்துத் திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவி இதையே செய்திருக்கிறார். கண்டராதித்த சோழனின் மனைவி, உத்தம சோழனின் தாய். பல கோயில்களைக் கற்றளியாக மாற்றியவர். திருக்கோடிக்காவலில் பழைய கற்களில் இருந்த 26 கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவற்றில் பல்லவர் காலத்தவையும் உண்டு. வாகூர்ச் செப்பேட்டில் வந்த அதே நிருபதுங்கனின் கல்வெட்டும் உண்டு!

இங்கேதான் அந்த அம்மையாரின் நேர்மை தெரிகிறது. சோழர் கோயிலில் பல்லவன் பெயர் எதற்கு என்று நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. 'நோ ஓனர்' போடவில்லை. பழைய மன்னனின் பெயரும் ஆட்சியாண்டும் அப்படியே நிற்கின்றன. அதோடு, இது பழங்கற்படி, அதாவது பழைய கல்லின் நகல் என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்தக் குறிப்பு ஏன் முக்கியம்? கல்வெட்டு ஆய்வாளர்கள் எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தைக் கணிப்பார்கள். 9ஆம் நூற்றாண்டு மன்னனின் பெயர் 10ஆம் நூற்றாண்டு எழுத்தில் இருந்தால் போலி என்று சந்தேகம் வரும். பழங்கற்படி என்ற ஒரு சொல் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது. எது மூலம், எது நகல் என்று சொல்லாத பேக்கப் ஆபத்தானது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

காகிதத்தில் ஒரு பேக்கப்

சோழர்களுக்குப் பிறகு இந்த வேலை நெடுநாள் கழித்து வேறு கைகளுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி ஆட்களை அனுப்பிக் கல்வெட்டுகளைப் படியெடுக்க வைத்தார். மூலக்கல் காணாமல் போய், அவர் எடுத்த படி மட்டும் மிஞ்சியவையும் உண்டு. 1886இல் ஹுல்ட்ஸ் அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசி எடுக்கும் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி வெளிவந்தது.

புதுச்சேரிக்கும் தனியாக ஒரு பேக்கப் உண்டு. வாகூரைச் சேர்ந்த குப்புசாமி ஊர் ஊராகத் தொகுத்த கல்வெட்டுகளை விஜயவேணுகோபால் பதிப்பித்தார். புதுச்சேரிக் கல்வெட்டுகள் என்ற அந்த நூல் 2006இலும் 2010இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. வாகூர் மூலநாதர் கோயில், வில்லியனூர் திருக்காமேசுவரர் கோயில், திருபுவனை வரதராசப் பெருமாள் கோயில் ஆகியவற்றின் சுவர்கள் நாளை எப்படி ஆனாலும் அவற்றின் வாசகங்கள் இந்த நூலில் இருக்கும். டேட்டாபேஸ் மொழியில் சொன்னால், நமக்கு 'லிஸ்ட்' கையில் இருக்கிறது.

ஆனால் நண்பர்களே, பேக்கப் இருக்கிறது என்பதற்காக மூலத்தை அழிக்கலாமா? கும்பாபிஷேகம் என்றால் சிமெண்ட் பூசுவது, பெயிண்ட் அடிப்பது, மணலை வீசிக் கல்லைச் சுத்தம் செய்வது என்று பல ஊர்களில் நடந்திருக்கிறது. மணல் வீச்சில் கல்லின் மேல்தோலோடு எழுத்தும் உதிர்ந்துவிடும். கற்களைக் கழற்றி வரிசை மாற்றி அடுக்கினால் இன்னும் மோசம். ஒரு வாசகத்தின் பாதி வடக்குச் சுவரில், மீதி தரையில்! டேட்டா இருக்கும், ஆனால் எது எதோடு சேரும் என்பது தொலைந்துவிடும்.

திருமழபாடியில் ஒரு பேரரசனே படியெடுக்கும் வரை இடிப்பை நிறுத்தி வைத்தான். இன்று ஒரு செல்போன் போதும். ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்குகிறது என்று கேள்விப்பட்டால், சாரம் கட்டுவதற்கு முன்பே சுவரைப் படமெடுத்து, எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்தத் தேதி என்று மூன்று வரி எழுதி வையுங்கள். படம் டேட்டா. அந்த மூன்று வரிதான் நாளைக்கு அதைப் படிக்க வைக்கும்.