வலது பின்துடுப்பு இல்லாத ஆமை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீபாடி அருங்காட்சியகத்தில் ஒரு கடலாமையின் எலும்புக்கூடு இருக்கிறது. மூக்கிலிருந்து வால்வரை சுமார் மூன்றரை மீட்டர். அதன் வலது பின்துடுப்பைக் காணோம். கணுக்காலுக்கு மேலே எலும்பு சாய்வாக வெட்டுப்பட்டு முடிந்துவிடுகிறது.

ஜார்ஜ் வீலண்ட் இதை 1895இல் தோண்டியெடுத்தார். இடம், தெற்கு டகோட்டாவில் செயென் ஆற்றங்கரை. எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஆனால் ஏழு, எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலே அங்கு வந்திருந்தது. வடக்கே ஆர்க்டிக், தெற்கே மெக்சிகோ வளைகுடா என வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து கிடந்த ஆழமில்லாக் கடல் அது. அதன் அடிச்சேறு இறுகிக் கறுத்த களிப்பாறையாகி, ஆமையைப் பத்திரமாக வைத்திருந்தது.

மறு ஆண்டே வீலண்ட் பெயர் சூட்டினார்: ஆர்க்கெலான். ஆமைகளின் தலைவன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தலைவனுக்கு முழு ஓடு கிடையாது என்பதுதான் வேடிக்கை. முதுகில் விலா எலும்புகள் கைமரங்களைப் போல நீள்கின்றன. நடுவே வெறும் இடைவெளி. ஓடு வேயாத கூரை! மேலே தடித்த தோல் போர்த்தியிருக்க வேண்டும். நம் கடல்களுக்கும் வந்துபோகும் ஏழுவரி ஆமையின் முதுகும் தோல்தான். இன்று வாழும் ஆமைகளில் அதுவே பெரியது. முழு ஓட்டைச் சுமந்துகொண்டு இரண்டு டன் உடம்பு நீந்துவது எளிதல்ல.

அந்த ஓடும் தலையையோ துடுப்பையோ காக்காது. கடலாமையால் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. அதே நீரில் மோசசார் என்ற ராட்சதப் பல்லிகளும் சுறாக்களும் திரிந்தன. பீபாடி ஆமையைக் கடித்தது எது என்று அடித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் வீலண்ட் ஒன்றைக் கவனித்தார்: வலது தொடையெலும்பு இடதைவிடச் சிறியது. சின்ன வயதிலேயே கால் போயிருக்கிறது; அதன்பின் அந்தப் பக்கம் சரியாக வளரவில்லை. மிச்சமிருந்த மூன்று துடுப்புகளோடுதான் அது மூன்றரை மீட்டர் வளர்ந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆர்க்கெலான் ஒன்றும் பின்னாளில் அதே மாநிலத்தில் கிடைத்தது. நாலரை மீட்டருக்கு மேல் நீளம். அது இப்போது வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.