புறங்காட்டி வென்றவர்: காற்பந்து வீரர் வி. சுந்தரமூர்த்தி

பழந்தமிழர் போர்க்களத்தில் புறங்காட்டுவதைப் பெரும் இழுக்காகக் கருதினர். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்கு நாணிச் சேர மன்னன் வடக்கிருந்து உயிர்நீத்த செய்தியை நம் உயர்நிலை மாணவர்களும் அறிவர். ஆயினும், சிங்கப்பூர்க் காற்பந்து வரலாற்றில் இன்றளவும் பேசப்படும் கோல்களுள் ஒன்று, இலக்குக்கு முதுகு காட்டி நின்ற ஒரு தமிழரின் காலிலிருந்து பிறந்தது. 1993ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணப் போட்டியில், காலாங் தேசிய விளையாட்டரங்கில், புருணை அணிக்கு எதிராக வி. சுந்தரமூர்த்தி தலைக்குமேல் பின்புறமாக உதைத்து அடித்த கோல் அது.

அந்த உதை எத்துணை அரிது என்பதைக் காற்பந்து ஆடாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பந்து அந்தரத்தில் வருகிறது. உதைப்பவருக்கோ வலை கண்ணில் படவில்லை. அவர் முதலில் உதைக்காத காலை உயர்த்தி, உடலைப் பின்னோக்கிச் சாய்த்து மேலெழ வேண்டும். பிறகு கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல அந்தக் கால் இறங்கும்போது மற்றக் கால் மேலேறிப் பந்தைச் சந்திக்க வேண்டும். இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் பந்து எங்கோ போகும். விழும்போது கையையும் தோளையும் சரியாக ஊன்றாவிட்டால் எலும்பு முறியும். இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

மக்கள் நினைவில் நிற்பது அந்த ஒரு நொடி. அந்த நொடிக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். காற்பந்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பியவருக்கு, அந்தத் தொழிலே தாய்நாட்டில் இல்லாதிருந்த காலம் அது.

சுந்தரமூர்த்தி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பிறந்தார். சிங்கப்பூர் தனிநாடாகி அப்போது இரண்டு மாதங்கூட நிறைவடையவில்லை. அவருடைய வயதும் நாட்டின் வயதும் ஏறத்தாழ ஒன்றே. அத்தலைமுறையினருக்குக் காற்பந்து என்றால் மலேசியக் கிண்ணம்தான். 1921இல் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கி, 1967இல் மலேசியக் கிண்ணமாகப் பெயர் மாறிய அப்போட்டியின் முதல் இறுதியாட்டத்தில் வென்றது சிங்கப்பூர் அணியே. 1965இல் அரசியல் எல்லை பிரிந்த பின்னரும் காற்பந்தில் அந்த உறவு நெடுங்காலம் நீடித்தது.

சிராங்கூன் வட்டாரத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஃபேரர் பார்க் திடல், 1933 வரை குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்னும் பெயரே அதற்குச் சான்று. பின்னர் அது பல தலைமுறை இளைஞர்கள் பந்து உதைத்த வெளியாயிற்று. சற்றுத் தொலைவில் 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம் இருக்கிறது. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் எழும்வரை, சிங்கப்பூரின் பெரிய ஆட்டங்கள் பல ஜாலான் புசாரில்தான் நடந்தன. காலாங்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றுகூடி எழுப்பிய ஒலி ‘காலாங் முழக்கம்’ எனப் பெயர் பெற்றது.

அந்த முழக்கம் தமிழ்ப் பெயர்களையும் தாங்கி ஒலித்தது. 1970களில் வளைந்து செல்லும் உதைகளுக்குப் பெயர் பெற்றவர் எஸ். ராஜகோபால். 1977இல் பினாங்கை 3-2 என்ற கோல் கணக்கில் வென்று கிண்ணத்தைக் கொணர்ந்த அணியின் தலைவர் சமது அல்லாபிச்சை. அவ்வரிசையில் 1980களின் முற்பகுதியில், பதின்ம வயதிலேயே, தேசிய அணிக்கு ஆட வந்தவர் சுந்தரமூர்த்தி. எதிரணியினரை ஏமாற்றிப் பந்தைக் கடத்திச் செல்லும் திறனால் கண்ணைக் கவர்ந்த அவரை ஆங்கில நாளேடுகள் ‘டேஸ்லர்’ என அழைத்தன. அரங்கிலிருந்தோர் பெயரைச் சுருக்கிச் ‘சுந்தரம்’ என்றே கூவினர்.

ஆனால், திறமை ஒன்று, பிழைப்பு வேறு. அக்காலத்தில் உள்ளூர்ப் போட்டிகள் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கானவை. பகலில் ஒரு வேலையும் மாலையில் பயிற்சியுமாகவே பெரும்பாலோர் காலங்கழித்தனர். மலேசியாவிலும் பகுதிநேரத் தொழில்முறை லீக் 1989இல்தான் தொடங்கிற்று. 1967 முதல் நடப்பிலுள்ள தேசிய சேவைச் சட்டப்படி, விளையாட்டு வீரர் ஒருவரின் உடல் முறுக்கேறும் பருவத்தில் ஈராண்டோ அதற்கு மேலோ சீருடையில் கழியும். ஆகவே, காற்பந்தால் மட்டுமே வாழ விரும்பிய சிங்கப்பூரர் எல்லை கடக்க வேண்டியிருந்தது.

முதலில் கடந்தவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஃபாண்டி அகமது. அவர் 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் கழகத்தில் சேர்ந்து, அவ்வாண்டே இத்தாலியின் இண்டர் மிலான் அணிக்கு எதிராகக் கோல் அடித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1980களின் இறுதியில், சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்திற்குச் சென்றார். முன்பு பலமுறை நாட்டு வாகையராக விளங்கிய அக்கழகம், அப்போது இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. அக்காலத்தில் ஐரோப்பியக் கழகங்கள் களமிறக்கக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கைக்குக் கடும் வரம்பும் இருந்தது. அங்கு அவர் இருந்தது சிறிது காலமே. எனினும் வெப்பநாட்டு இளைஞர் ஒருவர் பனிநாட்டில், மொழி தெரியாத ஓர் உடைமாற்றும் அறையில், தம் காலை மட்டுமே நம்பி நின்றது சிறு செயலன்று. பிறகு அவர் மலேசிய மாநில அணிகளுக்கும் ஆடினார்.

1992ஆம் ஆண்டு சிங்கப்பூர் அணிக்குத் தாழ்வு நேர்ந்தது. மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவுக்கு அது தள்ளப்பட்டது. மறு ஆண்டு பி.என். சிவாஜியின் பயிற்சியில் அணி புதிதாய்க் கட்டப்பட்டது. ஃபாண்டி அகமது, மாலிக் அவாப், ஆஸ்திரேலியாவின் அப்பாஸ் சாட் ஆகியோருடன் சுந்தரமூர்த்தியும் இணைந்தார். ‘கனவு அணி’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அவ்வணி முதற்பிரிவுக்கு மீண்டது. மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தையும் எட்டியது. ஆனால் கெடாவிடம் 0-2 எனத் தோற்றது. புருணைக்கு எதிரான அந்தக் கோல் அந்த ஆண்டில் விளைந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். கிண்ணம் கிட்டாத ஓர் ஆண்டின் கோல், கிண்ணம் வென்ற ஆண்டுகளின் பல கோல்களைவிட நீண்ட ஆயுள் பெற்றிருக்கிறது.

1994இல் சிங்கப்பூர் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. இறுதியாட்டத்தில் பகாங் 0-4 எனத் தோற்றது. அடுத்த சில மாதங்களில், நுழைவுச்சீட்டு வருவாயைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கினால் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. ஆட்டநிர்ணய ஊழல் விசாரணைகளும் அக்காலத்தில் இரு நாட்டுக் காற்பந்தையும் உலுக்கின. அந்த விலகலின் விளைவாக, 1996இல் எட்டுக் கழகங்களுடன் எஸ்-லீக் பிறந்தது. சிங்கப்பூரர் தம் ஊரிலேயே காற்பந்தைத் தொழிலாகச் செய்ய அப்போதுதான் வழி திறந்தது.

அவ்வாண்டு சுந்தரமூர்த்திக்கு வயது முப்பது.

இந்த ஓர் எண்ணில் அவர் வாழ்க்கையின் துயரமும் சிறப்பும் அடங்கியுள்ளன என்பது என் எண்ணம். முன்கள ஆட்டக்காரரின் விரைவு பெரும்பாலும் இருபதுகளின் நடுப்பகுதியில் உச்சம் தொடும். அந்த ஆண்டுகளை அவர் பிற ஊர்களின் திடல்களில் செலவிட்டார். சொந்த ஊரில் தொழில் பிறந்தபோது கால்கள் முதிரத் தொடங்கியிருந்தன. அவர் ஒதுங்கிவிடவில்லை. புதிய லீக்கில் ஆடினார். ஜூரோங் கழகத்தில் ஒரே சமயத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் விளங்கினார். பின்னாளில், 2012இல் மலேசிய லீக்குக்குத் திரும்பிய லயன்ஸ் XII என்னும் இளம் அணிக்குப் பயிற்சியளித்தார். முதலாண்டில் இரண்டாமிடம் பெற்ற அவ்வணி, 2013இல் மலேசிய சூப்பர் லீக்கின் வாகையர் ஆயிற்று. 1993இல் கைநழுவிய வெற்றியை இருபது ஆண்டுகளுக்குப் பின் தம் மாணவர்களின் கால்களால் அவர் மீட்டார் எனலாம். 2016 முதல் 2018 வரை தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். அக்காலம் வெற்றிகள் குறைந்த காலம், விமர்சனங்களும் மிகுதி. புகழின் உச்சியில் இருந்தவர் மீண்டும் களத்தின் ஓரத்தில் நின்று வசை கேட்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

பெற்றோர் சிலர், “பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்கின்றனர். அது நியாயமான கேள்வி. ஃபாண்டி, சுந்தரமூர்த்தி ஆகியோரின் வரலாறு அதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எளிதாக விடை தருவதில்லை. ஒரு பிள்ளையின் திறமை மட்டும் போதாது. அத்திறமையை ஏற்கும் லீக், ஊதியம், பயிற்சி, ஓய்வுக்குப் பின் ஒரு வழி ஆகியவற்றை ஒரு சமூகம் உரிய காலத்தில் அமைத்துத் தர வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. பிள்ளையிடம் உழைப்பைக் கேட்கும் நாம், அமைப்புகளிடம் ஆயத்தத்தைக் கேட்பதில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1998இல் ஹனோயில், வியட்நாமுக்கு எதிரான டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ஆர். சசிகுமார் என்பது நம் மாணவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இப்பெயர்கள் ஆங்கில நாளேடுகளின் பழைய பக்கங்களில் உள்ளன. தமிழ்க் கட்டுரைகளில் அரிதாகவே காணப்படுகின்றன. பழைய தேசிய விளையாட்டரங்கம் 2010இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. அதன் மர இருக்கைகளில் அமர்ந்தவர்களோ இன்று தாத்தா பாட்டிகளாக நம் வீடுகளில் இருக்கின்றனர். அடுத்த விடுமுறையில் மாணவர்களுக்கு வாய்மொழி வரலாற்றுப் பணி ஒன்றைத் தரலாம். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் போதும்: யாருடன் காலாங் சென்றீர்கள்? நுழைவுச்சீட்டு எப்படிக் கிடைத்தது? யாருடைய பெயரைக் கூவினீர்கள்? விடைகளைத் தமிழில், பெரியவரின் சொற்களிலேயே எழுதி வரச் செய்வோம்.