பழைய கார் கதவு தொங்குதா? 'புஷ்' தேய்ந்திருக்கலாம்... மாற்றுவது எப்படி?

திண்டிவனம் - விழுப்புரம் நெடுஞ்சாலையில் போகும்போது பழைய காரின் கதவு 'டக்'குனு திறந்துகொண்டால்? சிரிக்கிற விஷயமில்லை. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற இரண்டு கதவு கார்களில் கதவு நீளம். பாரம் முழுக்க கீலில்தான். கீல் பின்னைச் சுற்றியுள்ள புஷ் தேய்ந்தால் கதவு தொங்கும், லாக் சரியாக விழாது.

செக் பண்றது ஈஸி. கதவைப் பாதி திறந்து நுனியைத் தூக்கிப் பாருங்க. கீலில் ஆட்டம் தெரிந்தால் புஷ் காலி. லாக் பிளேட்டை மட்டும் இறக்கி வைப்பது வெறும் சமாளிப்பு.

கதவுக்கு அடியில் துணி சுற்றிய ஜாக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் கழற்ற வேண்டும். கடையில் புஷ் கிடைக்கலைன்னா, கீலையும் பின்னையும் சேர்த்துக் கொண்டுபோனால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கலாம். பின் தேய்ந்திருந்தால் அதையும் மாத்திடுங்க. இல்லைன்னா புது புஷ்ஷும் சீக்கிரமே போயிடும்.