ஒரு மாநாட்டுக்கு எத்தனை பார்சல்?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரல. இன்னைக்கு ஒரு சின்ன வரலாற்றுப் பதிவு. ராஜா, போர் எல்லாம் கிடையாது. மாநாட்டுக்குப் போறவன் எப்படிக் காசு மிச்சம் பிடிச்சான்ங்கற வரலாறு.

எங்க பெரியப்பா பொண்ணு அமெரிக்காவுல ஒஹாயோவுல இருக்காங்க. கிரீன் கார்டு கைக்கு வந்த மறுமாசமே ஈபேல விக்க ஆரம்பிச்சாங்க. த்ரிஃப்ட் கடைன்னு அங்க இருக்கு. ஜனங்க வேண்டாம்னு தானமா கொடுத்த சாமானை மலிவா விக்கற கடை. அங்க போய் பழைய குழந்தைப் புத்தகம், போர்டு கேம் எல்லாம் பொறுக்கிட்டு வந்து, தொடைச்சு, போட்டோ எடுத்து ஏத்துவாங்க. பேஸ்மென்ட் முழுக்க அட்டைப்பெட்டி. ஒருநாள் போன் பண்ணி, "டேய் தம்பி, வேகாஸ்ல ரீசெல்லர் மாநாடு ஒண்ணு நடக்குது. போலாமா வேணாமா? நீதான் எக்செல் புலியாச்சே, போட்டுச் சொல்லு"ன்னாங்க.

போட்டேன். டிக்கெட் 300 டாலர், விமானம் 280, மூணு ராத்திரி ரூம் 540, சாப்பாடு 180, டாக்சி 80. மொத்தம் 1380. ஈபே கமிஷன், தபால் செலவு, டேப், பெட்டி எல்லாம் போக அக்காவுக்கு ஒரு பார்சலுக்கு நிக்கிறது சராசரியா 6 டாலர். ஆக 230 பார்சல். ஒரு நாளைக்கு நாலு பார்சல் போடறவங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மாச உழைப்பு.

"போகாதீங்கக்கா"ன்னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல. "சரிடா"ன்னு வச்சிட்டாங்க. அந்த "சரிடா" என்னமோ பண்ணுச்சு. அப்புறம்தான், முன்னாடி இந்த மாதிரி போனவங்க எல்லாம் எப்படிச் சமாளிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

ஏழு ஊர், ஏழு வருஷம்

1995 செப்டம்பர்ல பியர் ஒமிட்யார் 'ஆக்‌ஷன் வெப்'னு ஒரு ஏலத் தளம் ஆரம்பிச்சார். உடைஞ்சுபோன லேசர் பாயின்டர் ஒண்ணு 14.83 டாலருக்கு வித்த கதையை நிறைய பேர் கேட்டிருப்பீங்க. அதுதான் பின்னாடி ஈபே. அதுல வித்தே வயித்தைக் கழுவலாம்னு ஒரு கூட்டம் உருவாச்சு. அந்தக் கூட்டத்துக்காக ஈபே 2002ல அனஹைம்ல முதல் 'ஈபே லைவ்' மாநாட்டை நடத்துச்சு. அப்போ நான் எல்கேஜி.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஊர். 2003 ஆர்லாண்டோ, 2004 நியூ ஆர்லியன்ஸ், 2005 சான் ஹோசே, 2006 லாஸ் வேகாஸ், 2007 பாஸ்டன், 2008 சிகாகோ. முதல் ரெண்டு ஊரையும் கவனிங்க. அனஹைம்ல டிஸ்னிலேண்ட், ஆர்லாண்டோவுல டிஸ்னி வேர்ல்ட். பிள்ளைகுட்டியோட போய் லீவையும் சேர்த்து முடிச்சுக்கலாம். ஆனா வரிக்கணக்குல இந்தப் பாச்சா பலிக்காது. 1993ல வந்த அமெரிக்கச் சட்டத்துப்படி, கூட வர்ற கணவன்/மனைவி அந்தத் தொழில்ல நிஜமான ஊழியரா இருந்து, தொழில் காரணத்துக்காக வந்தாத்தான் அவங்க பயணச் செலவைக் கழிக்கலாம். தொழில் விருந்துச் சாப்பாட்டுக்கான கழிவை 80 சதவீதத்துலேர்ந்து 50 ஆக்கினதும் அதே சட்டம்தான்.

இந்த மாநாடுகள்ல ஒரு சுவாரசியமான விஷயம், சட்டையில குத்திக்கற பின். ஈபே ஒவ்வொரு வருஷமும் விதவிதமா பின் கொடுக்கும். வந்தவங்க அதை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்குவாங்க. வீட்டுக்குப் போனதும் முழு செட்டா சேர்த்து எங்க விப்பாங்க? ஈபேலயேதான் :-) வியாபாரி புத்தி! ஓசியில கிடைச்சதை வித்து போன காசுல கொஞ்சத்தை மீட்டுட்டாங்க.

ஊர் ஏன் நம்மளக் கூப்பிடுது?

மாநாடுன்னா ஏன் இவ்வளவு செலவு? இதுக்கு 1896க்குப் போகணும். டெட்ராய்ட்ல மில்டன் கார்மைக்கேல்னு ஒரு பத்திரிகைக்காரர், "நம்ம ஊருக்கு எத்தனையோ மாநாடு தானா வருது, அதைத் தேடிப் பிடிச்சு இழுத்துட்டு வர ஒரு ஏற்பாடு வேணும்"ங்கற கருத்துல எழுதினார். அதைப் படிச்ச வியாபாரிகள் ஒண்ணு கூடி ஒரு சங்கம் வச்சாங்க. ஊருக்கு ஊர் இன்னைக்கு இருக்கற மாநாட்டு அலுவலகங்களுக்கு எல்லாம் இதுதான் தாத்தா.

அதாவது, மாநாட்டுக்கு வர்றவன் ஊருக்கு விருந்தாளி இல்ல, வருமானம். ரூம் வாடகையில ஊர் வரி இருக்கும். அமைப்பாளர் ஹோட்டல்கிட்ட "இத்தனை ரூம் நிரப்பறேன்"னு ஒப்பந்தம் போட்டிருப்பார். நிரம்பலைன்னா அவர் அபராதம் கட்டணும். நிரம்பினா பெரும்பாலும் இத்தனை ரூமுக்கு ஒண்ணுன்னு அவருக்கு ஓசி ரூம் கிடைக்கும். அதனாலதான் மாநாட்டுக்காரங்க "எங்க ஹோட்டல்லயே தங்குங்க"ன்னு அவ்வளவு அன்பாச் சொல்றாங்க. அது கொள்ளைன்னு நான் சொல்லல. சில சமயம் அதுதான் மலிவாவும் இருக்கும். ஆனா பக்கத்துத் தெரு விலையையும் பார்க்காம புக் பண்ணக்கூடாது.

விமானத்துலயும் இதே மாதிரி ஒரு உள்கணக்கு. 1978ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்கு முன்னாடி உள்நாட்டு டிக்கெட் விலையை அரசு வாரியம்தான் கட்டுப்படுத்துச்சு. கட்டுப்பாடு போனதும் கம்பெனிகள் ஒரு வடிகட்டியைப் பெருசாப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. சனிக்கிழமை ராத்திரி போன ஊர்லயே தங்கினா டிக்கெட் மலிவு. ஏன்? கம்பெனிக் காசுல போறவன் வெள்ளி சாயங்காலமே வீட்டுக்கு ஓடிருவான். சொந்தக் காசுல போறவன்தான் சனிக்கிழமை தங்குவான். ஒத்தை if கண்டிஷன்ல ரெண்டு வர்க்கத்தையும் பிரிச்சிட்டாங்க பாருங்க! பாஸ்டன், சிகாகோ ஈபே மாநாடு ரெண்டுமே வியாழன்லேர்ந்து சனி வரைக்கும் நடந்தது. சனி ராத்திரி தங்கிட்டு ஞாயித்துக்கிழமை கிளம்பறவன் இந்த வடிகட்டியில சுலபமாத் தப்பிச்சிருப்பான். மலிவு விமானக் கம்பெனிகள் பெருகப் பெருக இந்த நிபந்தனை நீர்த்துப்போச்சு.

நடக்காமப் போன ஓசி விருந்து

இந்தக் கதையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது 2007 பாஸ்டன்.

2006ல கூகுள் 'செக்அவுட்'னு பணம் கட்டற சேவை ஒண்ணைக் கொண்டுவந்துச்சு. ஈபேகிட்ட ஏற்கெனவே பேபால் இருந்துச்சு (2002ல 150 கோடி டாலருக்கு வாங்கினது). அதனால ஈபே தன் தளத்துல கூகுள் செக்அவுட்டை அனுமதிக்கல. கூகுள் சும்மா இருக்குமா? 2007 ஜூன் 14, பாஸ்டன்ல ஈபே மாநாடு ஆரம்பிக்கற அதே நாள் ராத்திரி, அதே ஊர்ல, ஈபே விற்பனையாளர்களுக்குன்னு தனியா ஒரு விருந்து அறிவிச்சுச்சு. சாப்பாடு ஓசி, குடிக்கறது ஓசி, பாட்டுக் கச்சேரி ஓசி, மசாஜ் கூட ஓசி! இடம் ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ். 1773 டிசம்பர்ல கிழக்கிந்தியக் கம்பெனி தேயிலையைக் கடல்ல கொட்டறதுக்கு முன்னாடி பாஸ்டன் மக்கள் கூடின அதே கட்டடம். குத்தல் புரியுதுல்ல?

ஈபேக்குக் கோவம் வந்துருச்சு. கூகுள்ல ரொம்பப் பெரிய விளம்பரதாரர்கள்ல ஈபேயும் ஒண்ணு. அமெரிக்காவுல கூகுள்ல போட்டுட்டிருந்த விளம்பரங்களை டக்குனு நிறுத்திருச்சு. மாநாட்டுக்கு முந்தின நாள் கூகுள் விருந்தை ரத்து பண்ணிருச்சு. ரெண்டு யானை சண்டையில நம்மாளுக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு போச்சு. கூகுள் செக்அவுட் 2013ல மூடுவிழா கண்டது தனிக்கதை.

அதே வருஷம் அக்டோபர்ல சான்ஃபிரான்சிஸ்கோவுல வேற ஒரு மாநாடு, டிசைனர்களுக்கானது. ஹோட்டல் எல்லாம் ஃபுல். வாடகை கட்டக் காசில்லாம இருந்த பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்களோட வீட்டுல மூணு காத்து மெத்தையைப் போட்டு, காலைச் சாப்பாட்டோட ராத்திரிக்கு 80 டாலர்னு சொன்னாங்க. மூணு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் நம்ம இந்தியப் பையன். ஏர்பிஎன்பி பிறந்த கதை இது. மாநாட்டுக்கு ரூம் கிடைக்காதவன் கவலையிலதான் அவ்வளவு பெரிய கம்பெனி ஆரம்பிச்சிருக்கு!

2008 ஆரம்பத்துல ஈபே கட்டண முறையை மாத்துச்சு. பொருளை ஏத்தற கட்டணம் குறைஞ்சுது, வித்த பிறகு எடுக்கற கமிஷன் கூடுச்சு. வாங்கறவங்களைப் பத்தி விக்கறவங்க எதிர்மறையா எழுத முடியாதுன்னும் அறிவிச்சாங்க. பிப்ரவரியில சிறு வியாபாரிகள் ஒரு வாரம் கடையடைப்பு பண்ணினாங்க. ஜூன்ல சிகாகோ மாநாடு நடந்துச்சு. அதுதான் கடைசி, 2009ல நடக்கல. 2016ல 'ஈபே ஓப்பன்'னு புதுப் பேர்ல லாஸ் வேகாஸ்ல திரும்ப வந்துச்சு. கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைனுக்குப் போச்சு. 2022லேர்ந்து 'ஈபே லைவ்'ங்கற பேர்ல நடக்கறது நேரலையில பொருள் விக்கற சமாச்சாரம், மாநாடு இல்ல.

திரும்பவும் எக்செல்

இதெல்லாம் படிச்ச பிறகு அக்காவுக்கு நானே போன் பண்ணினேன். "மறுபடி போட்டுப் பார்க்கலாம்க்கா."

முன்கூட்டியே வாங்கினா டிக்கெட் 220. வார நடுவுல பறந்தா 190. ரூமை இன்னொரு விற்பனையாளர் அம்மாவோட பாதி பாதி, 210. இதுல ஒரு நல்ல காலம். 2025 மே மாசத்துலேர்ந்து அமெரிக்காவுல ஹோட்டல்கள் 'ரிசார்ட் ஃபீ'யைக் கடைசியில சொருகக்கூடாது, முதல்ல காட்டற விலையிலயே கட்டாயக் கட்டணம் எல்லாம் இருக்கணும்னு விதி. மளிகைக் கடையில வாங்கின ரொட்டி, பழம், ஊர்லேர்ந்து கொண்டுபோன பருப்புப்பொடி புண்ணியத்துல சாப்பாடு 90. பஸ் 40. மொத்தம் 750. அதாவது 125 பார்சல்.

"வரியில கழிச்சுக்கலாம்ல?"ன்னு கேட்டாங்க. கழிக்கலாம். ஆனா நிறைய பேர் இங்கதான் தப்புக் கணக்கு போடறாங்க. 750 டாலரைச் செலவாக் காட்டினா 750 திரும்பி வராது. லாபத்துல அவ்வளவு குறையும், அந்தத் தொகைக்கான வரி மட்டும்தான் மிச்சம். சாப்பாட்டுல பாதிதான் செல்லும்.

அக்கா போனாங்க. முதல் நாள் காலையில வேகாஸ் த்ரிஃப்ட் கடைகளுக்குத்தான் போயிருக்காங்க! 60 டாலருக்குப் புத்தகமும் போர்டு கேமும் வாங்கி, புத்தகத்தை மீடியா மெயில்ல ஒஹாயோவுக்கு அனுப்பிட்டாங்க. ரூஸ்வெல்ட் 1938ல கொண்டுவந்த மலிவுப் புத்தகத் தபாலோட வாரிசு அது. போர்டு கேமை அதுல அனுப்ப முடியாது, அது சூட்கேஸ்ல வந்துச்சு. எல்லாம் வித்து முடிச்சப்போ வாங்கின 60, தபால், கமிஷன் போக 160 டாலர் நின்னுச்சு. அப்போ நிகரச் செலவு 590.

"என்னக்கா கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டேன். பெருசா ரகசியம் ஏதாவது சொல்வாங்கன்னு எதிர்பார்த்தேன்.

"மேடையில சொன்னது பாதி எனக்குத் தெரிஞ்சதுதான்டா. ரூம்ல கூட இருந்தவங்களுக்கு அறுபது வயசு. ஜிக்ஸா புதிர்ல துண்டு குறையுதான்னு ஒண்ணொண்ணா எண்ணாத, தராசுல நிறுத்துப் பாருன்னு சொன்னாங்க. நான் மூணு வருஷமா எண்ணிட்டு இருக்கேன்." கொஞ்சம் நிறுத்திட்டுச் சொன்னாங்க, "அந்த பேஸ்மென்ட்ல நான் மட்டும்தான் கிறுக்கு மாதிரி உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சிட்டு இருந்தேன். இந்த வருஷத்தோட விட்டுரலாம்னு கூட இருந்துச்சு."

அது எனக்குத் தெரியாது. என் எக்செல்ல அதுக்கு வரிசையும் இல்ல. 1380னு சொல்லி நான் முடிச்சு வச்சப்போ வந்த "சரிடா"வுக்கு அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சுது.

அதுக்காக மாநாட்டுக்குக் கண்ணை மூடிட்டுப் போங்கன்னு சொல்ல வரல. டாலரை விட்டுட்டு பார்சல்ல எண்ணிப் பாருங்க. அப்பத்தான் உறைக்கும். எண்ணின பிறகும் போகணும்னு தோணுச்சுன்னா, ஏன் தோணுதுன்னு உங்களையே ஒரு தடவை கேட்டுக்கங்க. அக்காகிட்ட நான் கேட்காம விட்டது அதைத்தான்.

பி.கு.: 590ஐ ஆறால வகுத்தா 98 பார்சல் சொச்சம். அக்கா இன்னும் அடைச்சு முடிக்கல. புதுசா தராசு ஒண்ணு வாங்கியிருக்காங்க, அந்தக் காசு தனி.