கோச்சிப் பாதையும் பென்சில் கோடும்

கொழும்பு கோட்டையிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் 207 கிலோமீட்டர். வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தால் நூறுகூட வராது. வட்டகொடை ஸ்டேசனில் கோச்சிக்குக் காத்திருப்பவர்களுக்கு இது புதினமில்லை. ஆனால் விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இந்த இரண்டு நீளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ரயில் நானுஓயாவை எட்டியது 1885இல். பாதையின் ஏற்றம் ஆகக் கூடினால் 44க்கு 1. ஓர் அடி ஏற 44 அடி ஓட வேண்டும். நானுஓயாவின் உயரம் ஏறக்குறைய 1,600 மீட்டர். அந்த ஏற்றத்துக்கு மட்டுமே 70 கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். ஆக, ரயில் தூரத்துக்குள்ளேயே மலையின் உயரமும் சேர்ந்துவிடுகிறது. பென்சில் கோட்டுக்கு மலை இருப்பதே தெரியாது.

5 லட்சத்துக்கு 1 என்ற அளவுத்திட்டமுள்ள வானூர்தி வரைபடத்தில் இரத்மலானை ஓடுதளத்திலிருந்து வட்டகொடைக்குக் கோடு இழுத்தால் 18 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறையும். டிவைடரை அந்த அளவுக்கு விரித்து, நெடுங்கோட்டின் மேல் நிமிர்த்தி வைத்து எண்ண வேண்டும். அகலாங்கில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். 48 அளவில் வரும். அவசரத்தில் டிவைடரைக் கிடையாக, நெட்டாங்கு நிமிடங்களில் வைத்து எண்ணுகிறவர்களும் உண்டு. நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அந்தப் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, பிடிபடாமலே போய்விடும். ஐரோப்பிய உரிமத்துக்கு எழுதப் போனால்தான் வினை: லண்டன் அகலாங்கில் நெட்டாங்கின் ஒரு நிமிடம் 0.62 கடல் மைல்தான்.

திசையிலும் இதே கதை. பாகைமானியைக் கோட்டின் நடுவிலுள்ள நெடுங்கோட்டில் பொருத்தச் சொல்வார்கள், ஏனென்றால் அந்த வரைபடங்களில் நெடுங்கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கும். இங்கே எதில் பொருத்தினாலும் 81, 82 பாகைதான். காந்த விலகல் மேற்கே இரண்டு மூன்று பாகை. கூட்டினால் காந்தத் திசை 84 அளவில். இவ்வளவையும் சரியாகச் செய்தவருக்கு முழுப் புள்ளி கிடைக்கலாம். ஆனால் அதே கோடு நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் சப்த கன்னியர் மலைக்கு ஓரிரு கடல் மைல் அருகாகப் போகிறது.

1974 டிசம்பர் 4 இரவு, மார்ட்டின்எயர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் அந்த மலையில்தான் மோதியது. சுரபாயாவிலிருந்து 182 இந்தோனேசிய ஹஜ் பயணிகளோடும் 9 பணியாளர்களோடும் கட்டுநாயக்கவில் இறங்க வந்துகொண்டிருந்தது. ஒருவரும் தப்பவில்லை. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பித் தாங்கள் இருக்குமிடத்தைப் பிழையாகக் கணித்த விமானிகள், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்றது விசாரணை. ஓடுதளத்துக்கு இன்னும் 40 கடல் மைல் இருந்தது. தேர்வு வரைபடத்தில் அது 15 சென்டிமீட்டர். தூரத்தில் விட்ட பிழைக்கு உயரத்தில் விலை கொடுக்க நேர்ந்தது. ரயிலில் இப்படி நடக்க வழியில்லை: எங்கே இருக்கிறோம் என்று சாரதிக்குக் குழம்பினாலும் பாதை மலைக்கு மேலேதான் போகும்.

அதனால் மலையகத்துக்கு மேல் கோடு இழுப்பவர் தூரமும் திசையும் எழுதியதோடு பென்சிலைக் கீழே வைக்கக் கூடாது. கோட்டின் இருபுறமும் ஒரு பட்டை எடுத்து, அதற்குள் ஆக உயர்ந்த சிகரத்தைத் தேடி, மலைப்பகுதி என்பதால் 2,000 அடி கூட்ட வேண்டும். வட்டகொடைக் கோட்டுக்கு 5 கடல் மைல் பட்டை எடுத்தால் கிரேட் வெஸ்டர்ன் மலை உள்ளே வரும், சிவனொளிபாத மலை வெளியே நின்றுவிடும். 10 எடுத்தால் 7,359 அடி சிவனொளிபாத மலையும் 8,281 அடி பிதுருதலாகலையும் சேர்ந்து விடை 10,281 ஆகிவிடும். பட்டையின் அகலம் கேள்வியிலேயே இருந்தால் அதன்படி போடலாம். இல்லாவிட்டால் 10 என்பதுதான் என் கட்சி.